வடிவு நூற்ற நூல்

"பூவம்மா! முந்தானையை உதறு!"

கிணற்றடியில் நின்று சங்கரநாராயணன் போட்ட சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்கைகூட எழுந்து பறந்தது.

கடலோரக் குப்பத்திலிருந்து கொல்லை கூட்ட வருகிற பூவம்மா, முந்தானையை உதறினாள். பஞ்சுத் துணுக்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"பார்த்தியாடி! நான் சொன்னேனோ இல்லையோ?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "வாங்கிப் போடற பஞ்செல்லாம் எங்கே போறதுன்னு கேட்டியே, இதோ!"

அது என்ன சாதாரணப் பஞ்சா? கோடை விடுமுறை விட்டபோதே மகள் வடிவின் பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லீவு முடிந்து வரும்போது ஒவ்வொரு பெண்ணும் வீட்டில் தக்களியைச் சுழற்றி நூற்ற நூலை ஒரு சிட்டமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். நல்ல நூலுக்குப் பரிசு.

சங்கரநாராயணனுக்குக் கேட்க வேண்டுமா! திருவொற்றியூரில் அவரை மிஞ்சின தேசபக்தர் கிடையாது. ஹார்பர் ஆபீசுக்கு மட்டும் சீமைத் துணிக் கோட்டு. துரை கண்டால் சீட்டைக் கிழித்துவிடுவானே! மற்றபடி சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணி வரைக்கும் சுத்தக் கதர்தான். கடற்கரைக் கூட்டத்தில் "நாமெல்லாம் ஒரு தாய் மக்கள்" என்று அவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மகளிடம் அவர் கறாராகச் சொல்லியிருந்தார். "ஜெயிச்சா, உன்னையும் அம்மாவையும் ரயில்ல எண்ணூருக்கு அழைச்சுண்டு போறேன். தோத்தா, படிப்பு இந்த வருஷத்தோட நிறுத்தம். ஒரு இழை நூக்கத் தெரியாத பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?"

பன்னிரண்டு வயசு வடிவு, சோறு தண்ணி இறங்காமல் தக்களியும் கையுமாகத் திரிந்தாள். ஆரம்பத்தில் சாணுக்குச் சாண் அறுந்தது. அப்புறம் எப்படியோ கை படிந்துவிட்டது போலிருக்கிறது. சிட்டமும் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தத் திருட்டு.

"மத்தியானமெல்லாம் கொல்லையிலே உனக்கென்ன வேலை? மேலெல்லாம் பஞ்சு எப்படி வந்தது? வாயைத் திறந்து சொல்லேன்!"

பூவம்மா, கொல்லைப் படியில் நின்ற வடிவைப் பார்த்தாள்.

"ஆமா சாமி, நான்தான் எட்த்தேன். தலகாணிக்கு."

வடிவு ஓவென்று அழுதாள்.

"பாரு, பஞ்சு போச்சேன்னு குழந்தை எப்படி அழறா! நாளையிலேருந்து இந்தக் கொல்லைப் பக்கம் உன் தலை தெரியப்படாது. போ!"

பூவம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் பரிசு வடிவுக்கே! டீச்சரம்மா நூலை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை கெட்டியான நூலை நான் கண்டதேயில்லை" என்றாராம். பரிசோடு சிட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

சொன்னபடி எண்ணூருக்கும் போனார்கள். ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சங்கரநாராயணன் சிட்டத்தை நீட்டி, "என் பொண்ணு நூத்தது. இழுத்துப் பாருங்கோ" என்றார். கழிமுகத்தங்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, வடிவு மட்டும் எனக்குப் பசியில்லை என்றாள்.

ஆவணி அவிட்டம் வந்தது.

"கடைப் பூணூல் யாருக்கு வேணும்? இந்த வருஷம் என் பொண்ணு நூத்த நூல்தான்!"

"வேண்டாம்ப்பா" என்றாள் வடிவு.

"அடக்கத்தைப் பாரேன்!" என்று பூரித்துப்போனார்.

அந்த நூலையே முப்புரியாக முறுக்கி, சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிப் பூணூல் போட்டுவிட்டார். மத்தியானம் வீட்டுக்கு வந்து கால் அலம்பக் கொல்லைக்குப் போனால், படலுக்கு வெளியே பூவம்மா!

"நில்லு, நில்லு! அங்கேயே நில்லு! புதுப் பூணூல் போட்டுண்டிருக்கேன். உன் நிழல்கூட மேலே படப்படாது!"

பூவம்மா இரண்டு அடி பின்னால் போய், மடியிலிருந்து எதையோ எடுத்துத் தரையில் வைத்தாள். தக்களி.

"அன்னிக்கு நீ தொர்த்துனப்ப மடியிலயே வந்துட்ச்சு சாமி. திருடின்னு சொன்ன வூட்டுக்கு எப்டி வர்றதுன்னு இத்தினி நாளா கம்முனு இருந்தேன். அடுத்த லீவுக்குப் பாப்பாக்கு வோணுமே."

"அடிப்பாவி! தக்களியையுமா எடுத்துண்டு போனே? இதை வச்சுண்டு நீ என்ன பண்ணினே?"

"நூல் நூத்தாப்பா!"

பின்னாலிருந்து கத்தியது வடிவு. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு அறுந்து அறுந்து போச்சு. படிப்பை நிறுத்திடுவேளேன்னு இங்கே உக்காந்து அழுதேன். பூவம்மாதான் தினம் மத்தியானம் நூத்துக் குடுத்தா. பஞ்சு அதனாலதான் அவ மேலே ஒட்டிண்டிருந்தது. அவ ஒண்ணும் திருடலை. நீங்க போட்டுண்டிருக்கேளே, அது அத்தனையும் அவ நூத்ததுப்பா!"

சங்கரநாராயணன் தன் மார்பைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் யார் காதிலாவது விழுந்ததா என்று பார்த்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பூணூலை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார்.

அறவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். விரல்தான் சிவந்தது.

படலுக்கு வெளியேயிருந்து பூவம்மா பதறிப்போனாள்.

"இஸ்க்காதே சாமி, கைய அறுத்துடப் போவுது! வலைக்கு நூல் முறுக்கி வளந்த கை இது. சுறா மாட்னாக்கூட அது அறாது."