கழுவிக் கொடுத்த டேங்க்

பரிமளாவின் உளுந்து வயலில், மாவு தூவியதுபோல் இலையெல்லாம் சாம்பல் நோயால் வெளுத்துக் கிடக்கிறது. இன்றைக்குள் மருந்தடிக்காவிட்டால் பூ நிற்காது. கந்தக மருந்தைக் கரைப்பதற்கு முன் மருந்தடிக்கும் டேங்க்கில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிறாள். நுரை பொங்குகிறது. களைக்கொல்லி நாற்றம் மூக்கில் ஏறுகிறது. நேற்று வரப்புப் புல்லுக்கு அடிக்க டேங்க்கை இரவல் வாங்கிப் போனவன் கொழுந்தன் தங்கமுத்து. போன வருடமும் அவன்தான் வாங்கிப் போனான். அந்த வாரமே அவள் மருந்தடித்த உளுந்தெல்லாம் கருகியது. அளவு தெரியாமல் கலந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னவனும் அவன்தான். பரிமளாவுக்குக் காது மடல்வரை கொதிக்கிறது.

“டேங்க்கக் கழுவுனியா?”

மாட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கிறான் தங்கமுத்து. “மூணு தடவ அலசிட்டுத்தான் மதினி கொடுத்தேன். எப்பவும் அப்படித்தான்.”

“போன வருசமுமா?”

“ஆமா மதினி.”

அவள் டேங்க்கை வாளியில் கவிழ்க்கிறாள். காலை வெயிலில் நுரை பளபளக்கிறது. வாளியை அவன் காலடியில் ணங்கென்று வைக்கிறாள்.

“அப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டு.”

தாகத்தில் மாடு கழுத்தை நீட்டுகிறது. தங்கமுத்து மூக்கணாங்கயிற்றை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுக்கிறான்.