மேல்வீட்டு டெலிபோன்

"அன்ரி, கதவைத் திறவுங்கோ. அவர் திரும்பவும் அடிக்கிறார்."

திறந்த மேல்வீட்டு அல்போன்சம்மா, தனுஷாவின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். பிறகு கணுக்காலில் போலீஸ் மாட்டியிருந்த பட்டியைப் பார்த்தாள்.

"நீ வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாதெல்லோ?"

கூடாதுதான். கணவன் நகுலேஸ்வரன் நீட்டிய பொய்ப் பத்திரத்தில் கையெழுத்து வைத்ததற்கு ஒரு வருஷம் வீட்டுக்காவல். வாசலைத் தாண்டினால் அந்தப் பட்டியே காட்டிக்கொடுத்துவிடும். மிச்சக் காலத்தைச் சிறையில் கழிக்க வேண்டும்.

"அவருக்குக் குடிவெறி முறிஞ்சதும் போயிடுவன், அன்ரி."

அல்போன்சம்மா டெலிபோனை எடுத்தாள். பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தனுஷாவுக்கு 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் தன் பெயர் காதில் விழுந்தது. 'போலீஸ்' என்பதும் விழுந்தது.

"போலீசுக்கோ அடிச்சனீங்கள்?"

"ஓம்."

"உங்களை நம்பியெல்லோ வந்தனான்."

"உதட்டுக்கு ஐஸை வை. இப்ப வந்திடுவாங்கள்."

வந்தார்கள். கூட்டிக்கொண்டு போனார்கள்.

"அடைக்கலம் எண்டு போனவளைப் பிடிச்சுக் குடுத்திட்டாள்" என்று பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைகளில் எல்லாம் கதை.

வழக்கு நாளன்று அல்போன்சம்மா தேத்தண்ணி நிரப்பின சுடுதண்ணிப் போத்தலோடு கோர்ட்டுக்கு வந்திருந்தாள்.

"ஒரு வாய் தேத்தண்ணி குடி, பிள்ளை. முகம் வாடிக் கிடக்கு."

"என்ரை முகத்திலயே முழிக்காதையுங்கோ."

அல்போன்சம்மா போய்க் கடைசி வரிசை வாங்கில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

வக்கீல் ஏதோ வாசித்தார். நீதிபதி ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்த சென்னைக்காரி ரமா, தனுஷாவின் பக்கம் குனிந்தாள்.

"மீறினது மீறினதுதானாம். ரெண்டு வாரம் உள்ள இருக்கணும். அப்புறம் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், பெண்கள் விடுதியில இருக்கலாம்னு சொல்றார்."

"ரெண்டு கிழமை மட்டுமோ? மிச்சம் முழுக்க எண்டெல்லோ சொன்னவை?"

"நீங்க ஓடிப்போகலையே. நீங்களே உடனே போலீசைக் கூப்பிட்டிருக்கீங்க."

"நானோ?"

காவலர் வந்து தனுஷாவின் கையைப் பிடித்தார்.

ரமா குரலைத் தாழ்த்தினாள். "போலீசுக்கு நீங்க போன்ல சொன்னதைத்தான் வக்கீல் வாசிச்சார். 'நான் தனுஷா. உத்தரவை மீறி மாடிக்கு வந்துட்டேன். கீழ போனா அவர் என்னைக் கொன்னுடுவார். வந்து கூட்டிட்டுப் போங்க.' நல்ல பிரெஞ்சுல சொல்லியிருக்கீங்க."

தனுஷா திரும்பினாள். கடைசி வாங்கில் சுடுதண்ணிப் போத்தல் இன்னும் அல்போன்சம்மாவின் மடியிலேயே இருந்தது.

அங்கே போகக் காவலர் விடவில்லை.