மேற்குப் பக்கத்து டிக்

எலி செத்து நாலைந்து நாளாவது ஆகியிருக்கும்.

கன்டெய்னர் ஏற்றும் தட்டை ரயில் வேகனின் மூலையில், பெட்டியைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பூட்டுக்குள் அது உப்பிக் கிடந்தது. புழு நெளிந்தது. பரிசோதகர் ஓரடி பின்வாங்கினார். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு குனிந்தார்.

பூட்டு நிமிரவே இல்லை. பெட்டி சும்மா உட்கார்ந்திருந்தது. காலிப் பெட்டி வேறு. பாலத்தின் மேல் காற்று ஒரு தள்ளு தள்ளினால், கீழே ரோட்டில் போகிறவர்கள் தலையில்தான் இறங்கும்.

அதற்கு மேலே, சாக்பீஸில் ஜம்மென்று ஒரு டிக்.

எலியைவிட அந்த டிக்தான் அவருக்கு அதிகமாக நாறியது.

வண்டிக்கு இரண்டு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம். மேற்கு எப்போதும் அவருடையது. கிழக்கு அவர் தங்கை புருஷனுடையது. நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்கத்தான் இரண்டு வேகனுக்கு நடுவே புகுந்து இந்தக் கிழக்குப் பக்கம் வந்திருந்தார்.

பூட்டில் கை வைத்திருந்தால் எலி தெரியாமலா போயிருக்கும்? தொடாமலே டிக். சோற்றில் ஒரு முடி கிடந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவன், வேலையில் மட்டும் இந்த லட்சணம். இவனுக்கா தங்கையைக் கொடுத்தோம் என்று காறித் துப்பினார்.

அவனுக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை உண்டு. இன்னொரு புகார் போனால் வேலை போய்விடும். தங்கை இரண்டு பிள்ளைகளோடு அவர் வாசலில்தான் வந்து நிற்பாள். தெரிந்தேதான் அதிகாரிக்குப் போன் போட்டார்.

“சார், பூட்டைத் தொடாமலே டிக் போட்டிருக்கான். என் தங்கச்சி புருஷன்தான், அதுக்காக மூடி மறைக்க முடியுமா? எழுதியே தர்றேன்.”

“அங்கேயே நில்லுங்க, வர்றேன்.”

போனை வைத்ததும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவர் கண்ணைத் தப்பி ஒரு ஈ காக்கா போனதில்லை என்று யார்டே சொல்லும்.

தூரத்தில், வண்டியின் வால் பக்கம், மச்சான் தெரிந்தான். ஒவ்வொரு பூட்டாகக் குனிந்து, ஆட்டிப் பார்த்து, டிக் போட்டபடி வந்துகொண்டிருந்தான். இங்கே வந்து சேர இன்னும் பத்து வேகன் இருந்தது.

இன்னும் வரவே இல்லையா?

பரிசோதகர் மறுபடி குனிந்தார். டிக்குக்குக் கீழே பொடி எழுத்தில் தேதி. மூன்று நாளைக்கு முந்தியது.

அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போன அதே வண்டி. அங்கே வளையப் பாதையில் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. அன்றைக்கு மேற்கில் இருந்த பக்கம் இன்றைக்குக் கிழக்காகிவிட்டது.

அதிகாரியின் ஜீப் யார்டுக்குள் நுழைந்தது.

கட்டை விரலை நாக்கில் நனைத்து, தேதியை மட்டும் அழித்தார்.