வேலியோரப் பீப்பாய்

"நம்ம மழைத் தண்ணிய யாரோ திருடுறாங்கடி! இனிமே திருடட்டும், பாக்கலாம்!" புதுக் குழாயை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார் இவாவோ.

இனி கூரையைக் கழுவிவரும் முதல் தண்ணீர், காக்கா எச்சத்தோடு, வேலியோரப் பழைய பீப்பாய்க்குப் போகும். பிறகு வரும் சுத்தமான தண்ணீர், உள்ளே இருக்கும் புதுத் தொட்டிக்கு.

"பாவங்க," என்றாள் மனைவி சிஸுயோ.

மறுநாள் காலையில் மழை. மதியத்துக்குள் பீப்பாய் காலி. இவாவோ விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மிஸோபுச்சி அம்மாள், வழக்கம்போல் ஆவி பறக்க உதோன் நூடுல்ஸ் கொண்டுவந்தார். இவாவோ சத்தமாக உறிஞ்சி, கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"இன்னிக்கு ருசியே தனி! ஆமா, ஒவ்வொரு மழைக்கும் எங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"உங்க பீப்பாயிலதானே தண்ணி எடுக்கிறேன், பதிலுக்கு ஒண்ணும் செய்யாம இருக்கலாமா? இன்னிக்குச் சாறே அதுலதான் வெச்சேன்!"

சிஸுயோ தன் கிண்ணத்தை மெல்லக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.