ஓ குரூப் விரல்

ரத்த வங்கியில் சோதனை மருந்தின் புதுப் புட்டியைத் திறந்தால், வகை தெரிந்த ரத்தத்தில்தான் முதலில் பார்ப்போம். எனக்கு வாய்த்தது கணவரின் விரல். அவர் ஓ குரூப். மருந்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் பற்றிக்கொள்ள அந்த ரத்தத்தில் பிடி கிடையாது. அதனால் துளி திரளாது.

அவர் வெளியூர் போய்த் திரும்பிய மறுநாள், எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் குத்தினேன். கண்ணாடித் தகட்டில் துளி, பால் திரிந்ததுபோல் திரண்டது.

"மருந்து கெட்டுப்போயிருக்கும்டி" என்றார்.

என் ரத்தத்தில் பார்த்தேன். சரியாகவே காட்டியது. பழைய புட்டியிலும் அவருடையது திரண்டது.

"என்னங்க, போன இடத்துல ஆளையே மாத்தி அனுப்பிட்டாங்களா?" என்று சிரிக்கப் பார்த்தேன். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் இன்று திருப்பவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் தகட்டையே உற்றுப் பார்த்தார்.

"முன்னாடி எப்படி இருக்கும்?"

"திரளாது. கலங்காம அப்படியே இருக்கும்."

"அவ்ளோதானா?" என்று இன்னொரு விரலை நீட்டினார். "இப்பக் குத்து."

குத்தினேன். துளி திரளவில்லை.