எட்டு நிமிட நடை

“இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு, இருக்கிற மூளையை எல்லாம் மீனுக்குச் செலவு பண்றியே” என்றான் அண்ணன், இரண்டாவது முறையாக மீனைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டே.

தங்கை சிரித்தாள். அவள் வேலை பார்ப்பது துறைமுகத்தை ஒட்டிய ஒரு குளிர்பதனக் கிடங்கில். எந்த அறையில் எத்தனை பெட்டி மீன் இருக்கிறது, எந்த அறையில் குளிர் குறைகிறது, எந்த லாரி எப்போது வரும் என்றெல்லாம் சொல்லும் மென்பொருள் முழுக்க அவள் எழுதியது. பதினோரு வருடமாக அதற்குத் தாயும் தகப்பனும் அவள்தான்.

அண்ணனும் புரோகிராமர். ஆனால் பெருநகரத்தில், கண்ணாடிக் கட்டடத்தில், பதினான்காவது மாடியில். வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்காதவன், இந்தத் தடவை பத்து நாள் லீவு என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தான். அண்ணிக்கு ஆபீஸ், மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று தனியாகத்தான் வந்தான். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு: தங்கை நகரத்துக்கு வந்துவிட வேண்டும்.

“இங்க இருக்கிறதே ஒரு கம்பெனி. நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க போய் நிப்பே? அங்கன்னா ஒரு கதவு மூடினா எதிர் பில்டிங்ல இன்னொரு கதவு.”

“ஆறு வருஷத்துல நீ எத்தனை கதவு பாத்தேண்ணா?”

“நாலு. ஒவ்வொரு தடவையும் சம்பளம் ஏறிச்சுல்ல?”

ஏறியது உண்மைதான். வாடகையும் கூடவே ஏறியது, ஆபீஸ் போய்வரவே தினம் நாலு மணி நேரம் ஆகிறது என்று அண்ணி எப்போதோ போனில் புலம்பியிருந்தாள். தங்கை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதிசயமாக வந்து தங்கியிருப்பவனிடம் எதற்கு வாயைக் கொடுப்பது?

அவள் கணவன் உள்ளூர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன், அதிகம் பேசாதவன். அவனையும் அண்ணன் விடவில்லை. கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசினான். திரும்பி வந்த கணவன் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “மச்சான் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எலும்பு எல்லா ஊர்லயும்தான் உடையும், எனக்கு எங்க போனாலும் வேலை கிடைச்சிடும். நீ யோசிச்சுக்கோ.”

நாலாம் நாள் அண்ணன் அவளுடைய விவரங்களைத் தன் நண்பனின் கம்பெனிக்கு அனுப்பினான். சும்மா எழுதிப் பார் என்று வற்புறுத்தி ஆன்லைன் தேர்வுக்கு உட்காரவைத்தான். அடுத்தடுத்து மூன்று நேர்காணல்கள். எட்டாம் நாள் கடிதமே வந்துவிட்டது. இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். அவளைவிட அவனுக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

தான் போய்விட்டால் கிடங்கு என்ன ஆகும் என்பதுதான் அவள் கவலை. இந்த ஊருக்கு எந்தப் புரோகிராமர் வருவான்?

“வருவாங்க. அதெல்லாம் உன் கவலை இல்ல” என்றான் அண்ணன். “திங்கட்கிழமையே ராஜினாமாவைக் குடுத்துடு. தள்ளிப் போடாதே.”

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறும்போதும் ஜன்னல் வழியாக அதையே சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை, ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டிலிருந்து கிடங்குக்கு எட்டு நிமிட நடை. தபால் நிலையத்தைத் தாண்டி, கயிற்றுக் கடை முனையில் திரும்பினால் வாசல். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டும் திரும்பலாம்.

உள்ளே ஒரே பரபரப்பு. ஆறாம் அறையில் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. தடித்த அங்கி போட்ட ஆட்கள் கடைசிப் பெட்டிகளை ஏழாம் அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“உங்க கம்ப்யூட்டர் முன்னாடியே கத்திடுச்சும்மா. ஒரு பெட்டி கெடல. இவங்க எல்லாருக்கும் இன்னிக்குக் கூலி தப்பிச்சுது.”

இவர்கள் அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும். பதினான்காவது மாடியில் உட்கார்ந்து எழுதினால், அது யாருக்கு உதவியது என்று அவளிடம் யார் வந்து சொல்லப்போகிறார்கள்? தன் இடத்தில் போய் உட்கார்ந்து கடிதத்தைக் கிழித்தாள். மனசு லேசாகிவிட்டது.

மறைப்பானேன் என்று மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வேறு இடத்தில் வேலை கிடைத்ததையும், போகப்போவதில்லை என்பதையும். அவர் மூச்சை இழுத்து விட்டார்.

“வயித்துல பாலை வார்த்தீங்க. ஆனா ஒரு விஷயம் இப்பத்தான் புரியுது. ரெண்டு வாரம் முன்னாடி நகரத்துலேர்ந்து ஒருத்தர் எழுதியிருந்தார். உங்க புரோகிராமர் இடம் சீக்கிரம் காலியாகும், அதை எனக்குக் குடுங்கன்னு. அவருக்கு வேலை போய் மூணு மாசமாம். நகரமே போதும்னு ஆயிடுச்சாம். கடைசியா வாங்கின சம்பளத்துல பாதி குடுத்தாலும் குடும்பத்தோட வந்துடுவாராம்.”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

“ஆளு கெட்டிக்காரர்தான். நமக்கும் புதுக் கிடங்கு ரெண்டு வருது, உங்களுக்குக் கீழ ஒருத்தர் வேணும். வெச்சுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

அவர் நீட்டிய விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள். மேல் மூலையில், கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான் அண்ணன்.