தொப்பியைக் கழற்றவும்

"தொப்பியைக் கழட்டச் சொல்லுதும்மா. நான் எங்க தொப்பி போட்டிருக்கேன்?"

கமலநாதன் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார். மழமழவென்று மொட்டை. அதன்மேல் அப்பியிருந்த சந்தனம் காய்ந்து, நிஜமாகவே மஞ்சள் தொப்பி மாட்டியதுபோலத்தான் இருந்தது.

வேறொரு நாளாக இருந்திருந்தால் ஷர்மைன் சிரித்திருப்பாள். காலையிலிருந்து புலம்பல் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது. அந்த வாடகைக் காடி நிறுவனத்துக்கு ஜோகூர் பாருவில் முன்பு ஒரு மாடி முழுக்க அலுவலகம். இப்போது எல்லாம் ஆப். ஓட்டுநரைச் சேர்ப்பது ஆப், பயணியைப் பிடித்துத் தருவது ஆப், வேலையை விட்டுத் தூக்குவதும் அதேதான். அதனிடம் முட்டி மோதி அலுத்தவர்கள் வந்து உட்கார ஒரு மேசை, அந்த மேசைக்கு ஒரு ஷர்மைன். அவளிடமும் இருந்தது அதே ஆப்தான், திரை மட்டும் கொஞ்சம் பெரிது.

கமலநாதன் பொந்தியானிலிருந்து வந்திருந்தார். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் மொட்டை போட்டிருக்கிறார். மீசையையும் விடவில்லை. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் ஆப் வழக்கம்போல முகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறது. காட்டினார். நீ யாரோ என்றது. திரும்பத் திரும்பக் காட்டினார். கணக்கைப் பூட்டிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் அவர்தான் அவர் என்று நிரூபிக்காவிட்டால் வேலை போச்சு. பொந்தியான் பக்கம் புது ஓட்டுநர் யாரையும் இப்போது சேர்ப்பதும் இல்லை.

"சந்தனத்தைக் கழுவிட்டு வாங்கண்ணே. இன்னொரு தடவை பார்த்துடலாம்."

தயங்கித்தான் போனார். ஈரத்தலையோடு திரும்பி வந்தவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, ஷர்மைனே படம் பிடித்தாள். தொப்பிப் பிரச்சினை தீர்ந்தது. 'முகம் பொருந்தவில்லை' என்றது ஆப்.

பழைய படத்தைத் திறந்து பார்த்தாள். நெற்றியை மூடிய சுருட்டை முடி, மேலுதட்டை மறைத்த மீசை. அதைக் குற்றம் சொல்லி என்ன பயன், அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கேயும் மிஷின்தான் எடுத்தது. அதை அமுக்கு, இதை அமுக்கு என்று சுற்றவிட்டு, நெடுநேரம் பாட்டுப் போட்டு, கடைசியில் ஆப்பைப் பயன்படுத்துமாறு அன்பாகக் கேட்டுக்கொண்டது. காத்திருந்த நேரத்தில், பசியாறியாச்சா என்று அவரைக் கேட்டாள். இது முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். அவளுக்குப் பாவமாக இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, முகம் ஏன் மாறுச்சுன்னு காரணம் கேக்குது. சிகிச்சைன்னு போட்டா உடனே தொறந்து விட்டுரும். ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாம் அப்புறம்தான் கேப்பாங்க. அதை நான் பார்த்துக்கிறேன்."

"என்ன சிகிச்சை?"

"முடி கொட்டுமே, அந்தச் சிகிச்சைதான்."

அவர் சட்டென்று கைப்பேசியை மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. நேர்ந்துக்கிட்டு எடுத்த முடி. சாமி காரியத்துல பொய் சொன்னா, குடுத்ததைத் திருப்பி வாங்கிக்குவாரு."

அதற்குமேல் ஷர்மைன் வற்புறுத்தவில்லை. தம்பிக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவளுடைய அம்மாவும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்தான். தம்பி பிழைத்து வந்ததும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் மெழுகுத்திரி ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார். அந்தக் கடன் எப்பேர்ப்பட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மனிதருக்கும் வீட்டில் ஓர் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்து பிழைத்திருக்கும். மனைவியோ, பிள்ளையோ.

'வேறு காரணம்' என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். இந்து சமய வேண்டுதல், முடி காணிக்கை, சில மாதங்களில் வளர்ந்துவிடும், ஆள் இவரேதான், ஐசி அடையாள அட்டையை நானே பார்த்தேன். பட்டனை அழுத்திவிட்டு, ஆண்டவரே என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள்.

பதில் வர நேரமே ஆகவில்லை. யாரும் உட்கார்ந்து படித்திருந்தால்தானே நேரம் ஆகும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணக்கு மூடப்படுகிறது. இதுவரை எங்களோடு பயணித்தமைக்கு நன்றி.

கமலநாதன் அதை நிதானமாகப் படித்தார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். வழக்கமாக எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அவர் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மனசை விட்டுராதீங்கண்ணே. வேலை போனாப் போவட்டும், வேண்டிக்கிட்டது நடந்துச்சுல்ல. வீட்ல யாருக்கு உடம்பு முடியாம இருந்துச்சு?"

"யாருக்கும் இல்லம்மா, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நான் பேக்டரி பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன். பஸ்ஸை நிறுத்திட்டாங்க, ரொம்ப நாளா வேலை கெடைக்கல." அவர் வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். "இந்த ஆப்ல என்னைச் சேர்த்துக்கிட்டா மொட்டை போடுறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."